ஹன்னா ஆன்ட்டி பிரித்த பொட்டலம்

காபி குடிக்க வா என்று கூப்பிட்டுவிட்டு, ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தட்டில் வைத்து, டப்பாவை இறுக மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டார் ஹன்னா ஆன்ட்டி. தொண்ணூற்றாறில் நான் அமெரிக்காவின் சான்டா கிளாராவுக்கு வந்து சேர்ந்த புதிது. எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர்க்கதவு அவருடையது. ஹாலந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், கணவரை இழந்து தனியாக இருந்தார். எனக்கோ எச்-4 விசா. வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது, கணவர் காலையில் மில்பிடாஸ் ஆபீஸுக்குப் போனால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். அப்படிப்பட்ட நேரத்தில் கூப்பிட்ட ஒரே ஆள் இப்படி டப்பாவை மூடினால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அன்றைக்குச் சாயங்காலம் கணவர் ஷூவைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு பிஸ்கட்டுங்க! மூடுன டப்பாவ அப்பறம் தொறக்கவே இல்லீங்க. நம்ம ஊர்ல கொசுறு கேட்டு வர்றவங்களக்கூட இப்புடி நடத்த மாட்டாங்க."

"அவிங்க ஊர்ல அதுதான் பழக்கமாட்ட இருக்குது. ஒரு பிஸ்கட்டுக்குப் போயி இவ்வளவு டென்ஷன் ஆவறயே," என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்து என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரமே தோசைக்குக் கூப்பிட்டேன். தாராபுரத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். வந்தவர்கள் தட்டு காலியானால் கேட்காமல் அடுத்ததைப் போடுவதுதான் எங்கள் மரியாதை. போதும் என்பவர்கள் ஒரு துண்டையாவது மிச்சம் வைத்துக் கையை மடக்குவார்கள். ஹன்னா ஆன்ட்டி மிச்சம் வைக்கவில்லை. சட்னியைக்கூட வழித்துச் சாப்பிட்டார். அட, இவ்வளவு பசியோடா வந்திருக்கிறார் என்று நானும் சுடச் சுடப் போட்டுக்கொண்டே இருந்தேன். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கடைசியில் தோசைக் கரண்டியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "தயவு செய்து போடாதே. தட்டில் விழுந்ததை என்னால் மிச்சம் வைக்க முடியாது. நீ போட்டால் நான் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்," என்றார். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அவர் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம். ஹாலந்து ஜெர்மானியர் பிடியில். நகரங்களுக்கு உணவு வருவது நின்றுபோயிற்று. ஹன்னாவுக்குப் பதினொரு வயது, தம்பி விம்முக்கு நாலு. அப்பாவை வேலைக்கென்று ஜெர்மனிக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்து டூலிப் கிழங்குகளைத் தோண்டி வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். அதுவும் தீர்ந்த பிறகு, வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி, டயர் இல்லாத சைக்கிளில் ஏற்றி, அம்மாவும் ஹன்னாவும் பனியில் தள்ளிக்கொண்டு கிராமத்துப் பக்கம் போனார்கள். துணியைக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கி வரலாம் என்று ஊரே அப்படித்தான் அலைந்ததாம். இவர்கள் போனது அன்னியர் வீட்டுக்கு அல்ல. அம்மாவின் சொந்த அக்காளின் பண்ணை வீட்டுக்கு. ஹன்னாவுக்குப் பெரியம்மா.

பெரியம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சாத்திவிட்டாள். உள்ளே இருந்து வேகும் உருளைக்கிழங்கின் வாசனை வந்தது என்று ஹன்னா ஆன்ட்டி சொன்னபோது, ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அவர் மூக்கு விடைத்தது. அம்மா தட்டவில்லை, திட்டவில்லை, அழவும் இல்லை. சாத்திய கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அந்த வாரமே விம் போய்விட்டான். அம்மா அதன் பிறகு சாகும்வரை தன் அக்காளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹன்னா ஆன்ட்டியும் கல்யாணமாகிக் கலிபோர்னியா வந்தவர், அந்தக் குடும்பத்தோடு ஒட்டு உறவு இல்லாமலே இருந்துவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கள் வீட்டுச் சண்டை ஞாபகம் வந்து வெட்கமாகப் போயிற்று. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு. மோட்டார் போடும் முறையில் தகராறு வந்து, ஒரு கோடையில் பெரியப்பா ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். எங்கள் மஞ்சள் பயிர் காய்ந்தது. அன்றிலிருந்து அப்பா அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பகை என்றால் அதுதான் அளவு. நல்லது கெட்டதுக்கு வருவார்கள், போவார்கள், ஆனால் ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். என் கல்யாணத்துக்கும் பெரியப்பா குடும்பத்தோடு வந்தார், மொய் எழுதினார், பந்திப் பக்கம் திரும்பாமல் போனார். காய்ந்துபோன மஞ்சளுக்கு இத்தனை வருடம். ஒரு பிள்ளையைச் சாகவிட்டதற்கு எத்தனை வருடம் என்று யார் சொல்வது?

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் ஹன்னா ஆன்ட்டி என் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெரியம்மாவின் மகள் கோரி போன் செய்தாளாம். சுற்றுலாவாக சான் ஃபிரான்சிஸ்கோ வந்திருக்கிறாள், ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்டாளாம். கசின் என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அம்மாவின் அக்காள் மகள், அதுவும் வயதில் இளையவள் என்றால் நம் முறையில் தங்கச்சி அல்லவா? ஹன்னா ஆன்ட்டி வரச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நடுக்கம். "நீ வந்து உட்கார்ந்துகொள். நீ இருந்தால் நாங்கள் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும். டச்சில் என்றால் என் வாயிலிருந்து என்ன வருமோ எனக்கே தெரியாது," என்றார். அவளை மன்னிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். தெரியாது, காபி கொடுப்பேன் என்று மட்டும் சொன்னார்.

கோரி குட்டையான, கனத்த உடம்புக்காரர். கதவருகே கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள், பாங்கில் பார்த்துக்கொள்கிறவர்களைப் போல. காபி வந்தது. வானிலை, விமானம், டூர் பஸ் என்று ஏதேதோ பேச்சு. பிறகு கோரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் என் அம்மா சாகும்வரை சொன்னாள். இருந்தது. நிலவறை நிறைய உருளைக்கிழங்கு இருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள் என்று பயந்தாள். எனக்கு எட்டு வயது. நான் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்."

ஒரு சாக்கு இல்லை, ஒரு சப்பைக்கட்டு இல்லை. சொல்லிவிட்டு அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்தப் பண்ணையை இப்போது தன் மகன் நடத்துகிறான், அங்கே செய்த சீஸ் என்றார். ஹன்னா ஆன்ட்டியின் கைகள் மடியை விட்டு எழவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நிற்கிறது. இந்தக் காட்சியை நான் எத்தனை விசேஷ வீட்டில் பார்த்திருக்கிறேன்! நான் சட்டென்று எழுந்து, சிரித்த முகத்தோடு பொட்டலத்தை வாங்கி, உள்ளே கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்துச் சாத்திவிட்டு வந்தேன். விருந்தாளி கொண்டுவந்ததை அவர் கண்ணெதிரே பிரிப்பது நம் பக்கம் அநாகரிகம். மரியாதையாக வாங்கி உள்ளே வைப்போம், அவர்கள் போன பிறகுதான் பிரித்துப் பார்ப்போம். நிலைமையைச் சமாளித்துவிட்ட பெருமையோடு உட்கார்ந்தேன்.

கோரியின் முகம் செத்துப்போயிருந்தது. அவர்கள் பழக்கத்தில் கொடுத்ததைக் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். பிரிக்காமல் ஒதுக்கி வைத்தால் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு எப்படித் தெரியும்? அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஆனால் போகவில்லை. அங்கிருந்தே தெரிந்த சின்ன சமையலறையில் நான் சாத்திய ஃபிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. எதைச் செய்து கெடுத்தேன் என்று புரியவில்லை.

ஹன்னா ஆன்ட்டி தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையைப் பிடித்து எழுந்து, நடந்துபோய், ஃபிரிட்ஜைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்தார். கயிறை வெட்டவில்லை, நகத்தால் முடிச்சை நெருடி அவிழ்த்தார். மஞ்சள் மெழுகு பூசிய சீஸ் கட்டி. எப்போதும் காகிதம்போலச் சீவுகிற மனுஷி, அன்றைக்குக் கத்தியை அழுத்திப் பெரிய துண்டாக வெட்டி, நின்றபடியே தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். அந்த மண்ணில் விளைந்ததை, அந்த வீட்டிலிருந்து வந்ததை, விம்முக்கு மறுக்கப்பட்டதை அவர் மென்று விழுங்குவதை நான் மூச்சு விடாமல் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவிலில் சூடம் காட்டும்போதுகூட அப்படி ஒருநாளும் ஆனதில்லை. விழுங்கிவிட்டு டச்சில் ஏதோ சொன்னார். கோரி நாற்காலியில் விழுந்து, மேஜைமேல் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காள் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு அடுத்த துண்டை வெட்டினார்.

என்ன சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டேன். "இன்னும் கொஞ்ச மாதம் விட்டு எடுத்திருக்கலாம், பதம் போதாது என்றேன்," என்றார். சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். என் தப்பையும் அப்போதுதான் விளக்கினார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் தடுத்தார்.

"நீ அதை எடுத்துக்கொண்டு போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் அவள் அந்தக் கதவைப் பார்த்ததைக் கண்டேன். என் அம்மா பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை கதவு என் வீட்டில் இருந்தது."

அப்படியானால் மன்னித்துவிட்டீர்கள் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "விம்முடைய பங்கை நான் எப்படிக் கொடுப்பது? என் பங்கை மட்டும் கொடுத்தேன்."

படித்தவர்கள், பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் மன்னிப்பைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக யாரும் பேசியதில்லை. மனிதருக்குள் இவ்வளவு பெரிய இடம் இருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

அதற்கடுத்த வருடம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா படுக்கையில் இருக்கிறார் என்று அப்பாவே காரில் கூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு, காருக்குத் திரும்பிவிட்டார். பெரியம்மா என்னைப் பார்த்து, "சாப்பிடறயா கண்ணு?" என்று ஒப்புக்குத்தான் கேட்டார், பதில் தெரியும் என்பதால். நான் "போடுங்க பெரீம்மா" என்று கீழே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குக் கை ஓடவில்லை. தட்டை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே யாரோ அப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது. "அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியப் போவுது?" சான்டா கிளாராவில் நான் காரியத்தைக் கெடுத்தது சுத்தப் பட்டிக்காட்டுக்காரியாக நடந்துகொண்டதால். இங்கே கையை நனைத்தால் அமெரிக்காக்காரி. எந்த ஊரில் எவளாக இருக்கிறேன் என்று எனக்கே விளங்காமல் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

திரும்பும்போது அப்பா முகத்தை ரோட்டை விட்டுத் திருப்பவில்லை. திட்டுக்குத் தயாராக நானும் உட்கார்ந்திருந்தேன். தாராபுரம் ரோடு ஏறிய பிறகுதான் கேட்டார்.

"என்ன கண்ணு போட்டாங்க?"

"அரிசிம்பருப்புச் சோறுங்கப்பா."

அப்பா முன்னால் போன மாட்டு வண்டியைத் தாண்டி ஓட்டினார்.

"அண்ணி அதுக்குப் பூண்டு நெறையாத் தட்டிப் போடுவாங்களே," என்றார் அப்பா. "இப்பவும் போடறாங்களா?"