தாத்தாவை வழியனுப்பிய டிரம்

எங்கள் குடும்பத்தில் யாரும் செத்துப்போவதில்லை. பதவி உயர்வு கிடைத்து மேலே போவார்கள். எங்கள் கிறிஸ்தவ இயக்கத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த கொள்ளுத்தாத்தா, ரோட்டில் பாடிப்போன இயக்கத்துக் கூட்டத்தின் பின்னால் கத்தியைப் போட்டுவிட்டுப் போனவர். அன்றிலிருந்து தாத்தா, அப்பா, சித்தப்பா என்று எல்லாருக்கும் அதே வெள்ளைச் சீருடை, அதே ஊழியம். சொந்த வீடு கிடையாது. இயக்கம் போகச் சொன்ன ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு எட்டு வயதில் தாத்தாவுக்கு அந்தப் பதவி உயர்வு வந்தது. கறுப்பு உடுத்தக் கூடாது, ஒப்பாரி கூடாது, பாட்டும் கைத்தட்டலுமாகப் போக வேண்டும். தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து மாரடித்துக்கொண்டு வந்த பெண்கள் எங்களைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னங்க இது, கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்று ஓர் அக்கா கேட்டேவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் ஊர்வலங்களில் பெரிய டிரம் அடிப்பது அப்பா. பழக்கிவிட்டது தாத்தா.

"இன்னைக்கு வேணாம்ணே. நடு ரோட்டுல அழுதுருவீங்க" என்றார் சித்தப்பா. ஊழியக்காரனே தகப்பனுக்காக அழுதால், மேலே போனதை இவனே நம்பவில்லை என்று ஊர் சொல்லிவிடும்.

"எங்கப்பாவுக்கு நான் அடிக்காம வேற யாரு அடிக்கிறது?" என்று அப்பா வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கடைத்தெருவில் பஸ்கள் நின்று வழிவிட்டன. சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் டம்பரீனைக் குலுக்கிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நடந்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடி மட்டும் வரவரப் பலத்து, பாட்டை முந்திக்கொண்டு ஓடியது. பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. கல்லறைக்கு ஏறுகிற மேட்டில், ஓங்கி அடித்த அடியில் தோல் கிழிந்து கோல் உள்ளே போய்விட்டது.

பாட்டும் நின்றது. அப்பா கோலை வெளியே எடுக்கவில்லை. அப்படியே நின்று வாய்விட்டு அழுதார். சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். லயத்துப் பெண்கள், இதற்காகவே காத்திருந்தவர்கள்போல, மறுபடி அழத் தொடங்கினார்கள்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்கப்பா. மாத்தளையில குடுத்தா புதுத் தோல் போட்டுத் தருவாங்க."

"ஆமா பிள்ள, போட்டுத் தருவாங்க" என்று என் தலையில் கை வைத்தார். அப்படியும் அழுகை நிற்கவில்லை. ஒரு டிரம்முக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.