உதறிய கை

தண்ணீருக்கடியில் யார் பிடித்தாலும் முதலில் உதறு. தூத்துக்குடியில் சங்கு குளிக்க இறங்குகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். மூழ்குகிறவன் உன்னைப் பிடிப்பது உன்மேல் ஏறி மேலே போவதற்காக. அவன் பிடியை விலக்கிவிட்டுப் பின்னாலிருந்து முடியைப் பற்றித் தூக்கலாம். அவன் கையில் அகப்பட்டுக்கொண்டால் இருவருமே கரை சேர மாட்டீர்கள். கயித்தான் கொரைராவுக்குப் பதினாறு வயதிலிருந்து இது தெரியும். நாற்பத்தைந்து வயதுவரை அவர் இதைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஆள் குள்ளம். அகன்ற நெஞ்சு. ஆழத்தின் அழுத்தத்தில் வலது காது எப்போதோ போய்விட்டது. அவரோடு தொழிலுக்கு வந்தவன் மனைவி மரியசெல்வியின் தம்பி ஜெபசீலன். ஒருவர் கீழே இழுக்கும் பாரக் கல்லோடு இறங்கினால் மற்றவர் வள்ளத்திலிருந்து கயிறு பிடிப்பார். கடிகாரம் கிடையாது. கயிறு பிடிக்கிறவர் மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தை நிதானமாக மூன்று முறை சொல்ல வேண்டும். நான்காவது தொடங்கினால், கீழே இருப்பவரிடமிருந்து சைகை வராவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். ஜெபசீலன் அவசரப்படுகிறான் என்பது கயித்தானின் ஓயாத புகார்.

"ஏலே, நீ மாதாவ வேண்டுதியா, வெரட்டுதியா? ரெண்டு சங்கு பொறுக்குததுக்குள்ள இழுத்துப்புடுத."

"ஒமக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கக்கா என்னையல்லா கருவாடு போட்டுருவா, மச்சான்."

1944 மாசி மாதம், ஒரு முற்பகல். கடல் தெளிந்து கிடந்தது. கரையிலிருந்து மூன்று மைலில், ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில் வள்ளம் நின்றது. யுத்த காலம் என்பதால் தலைக்குமேல் விமானம் போவது புதிதில்லை. தெற்கிலிருந்து ஒன்று வந்தது. மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இறக்கைகள் கொண்ட சிறிய விமானம். அதன் சத்தம் விட்டு விட்டு வந்தது, இருமியது, பிறகு நின்றே போனது. காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் மிஞ்சியது. அது கரைப்பக்கம் திரும்பும் என்றுதான் ஜெபசீலன் நினைத்தான். அதுவோ வள்ளங்களைப் பார்த்துத் திரும்பியது.

இறங்கிய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடல்காகம் இறங்குவதுபோல் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. ஆனால் அடியிலிருந்த சக்கரங்கள் தண்ணீரில் தட்டின. மூக்கு குத்தி, ஒரே நொடியில் குப்புறக் கவிழ்ந்தது.

அவர்கள் வள்ளம்தான் கிட்டத்தில் இருந்தது. கயித்தான் கல் இல்லாமல், கயிறு இல்லாமல் குதித்து நீந்தினார். விமானம் மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் கீழே நுழைந்தார். ஓட்டி வந்தவன் இருக்கையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. இரண்டு வார்கள் தோள்வழியாகவும் இரண்டு இடுப்புவழியாகவும் வந்து அவனை இருக்கையோடு கட்டியிருந்தன. கயித்தானின் விரல்களுக்குத் தெரியாத முடிச்சு கடலில் கிடையாது. அவர் முடிச்சைத் தேடினார். தோளில் தேடினார், விலாவில் தேடினார், முதுகுக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினார். அகப்படவில்லை.

அப்போது அவனுடைய இடது கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

கயித்தான் உதறினார். அது மறுபடி வந்தது. வேகமாக உதறிவிட்டு மூச்சுக்கு மேலே வந்தார்.

"கத்திய குடுலே!"

ஜெபசீலன் வள்ளத்தை நெருக்கிக் கொண்டுவந்து, கயிறு அறுக்கும் கத்தியை நீட்டினான். இரண்டாவது முறை போனபோது விமானம் பாதி ஆழத்தில் இருந்தது. தோல் வைத்துத் தைத்த தடித்த வார், இரண்டை அறுப்பதற்குள் மூச்சு தீர்ந்தது. மூன்றாவது முறை அடித்தரையில் வைத்து மற்ற இரண்டையும் அறுத்து அவனை மேலே கொண்டுவந்தார். வள்ளத்தில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள், முதுகில் தட்டினார்கள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மறுநாள் ராணுவ அதிகாரி ஒருவர் துறைமுக ஆபீசுக்கு வந்து கயித்தானைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அந்த அறுந்த வார்கள் கிடந்தன. நான்கின் முனைகளும் நெஞ்சில் இருந்தபடியே ஒன்றாகக் கோத்து நின்றன. ஆபீஸ் குமாஸ்தா சிவனணைந்தபெருமாள் மொழிபெயர்த்தார்.

"அண்ணாச்சி, தொர கோவமா கேக்கல. இத அறுக்கவே வேண்டாமாம். இங்கன பாரும்."

அதிகாரி முனைகள் கூடும் இடத்தைக் காட்டினார். நடுவில் ஓர் ஆணி. ஆணியின் துளையில் சின்னதாக ஓர் ஊசி. ஒற்றை விரலால் ஊசியை உருவினார். நான்கு வார்களும் பிரிந்து விழுந்தன.

கயித்தான் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கடியில் அது அவர் விரலில் பட்டிருந்தது. சட்டைப் பித்தான் என்று நினைத்திருந்தார்.

"அவன் கைக்கு என்ன ஆச்சின்னு கேளும்," என்றார்.

வலது தோள் முறிந்திருந்ததாம். இடது கையில் மூன்று விரல்கள் நசுங்கியிருந்தனவாம். அவனால் உருவியிருக்க முடியாது என்றார் அதிகாரி. பிறகு, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். மோட்டார் நின்றால் ஆட்கள் இருக்கிற இடமாகப் பார்த்து இறக்கு என்பது அவர்கள் பாடமாம். வள்ளங்களை நம்பித்தான் அங்கே இறக்கியிருக்கிறான்.

பத்து நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது. மரியசெல்வி கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னாள். அவர் அதைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார்.

"அவன் என்னையப் பிடிக்கல ஏளா. காட்டியிருக்கான். முங்குதவன் கை மேல இழுக்கும். அந்தக் கை என் கைய அவன் நெஞ்சுக்குல்லா கொண்டுபோச்சி."

"செத்தவன் மனசு ஒமக்கு எப்படித் தெரியும்? கோயில்ல போயிச் சொல்லும். பாரம் எறங்கும்."

அவர் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். இதில் பாவமே இல்லை, இல்லாத பாவத்துக்கு மன்னிப்பு கொடுக்க முடியாது என்று சாமியார் அன்போடு அனுப்பிவைத்தார். பாவம் என்று சொல்லியிருந்தால் இறங்கியிருக்கும். மன்னிக்க ஆள் இல்லாததை அவர் சுமந்துகொண்டே திரும்பினார்.

தொழிலை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது. ஆனால் ஜெபசீலனை வையும் பேச்சு நின்றுபோயிற்று. மூன்று மந்திரத்தில் இழுத்தாலும் இரண்டில் இழுத்தாலும் பேசாமல் ஏறி வந்தார்.

1947 தை மாதம். அன்று ஜெபசீலன் கீழே இருந்தான், கயித்தான் கயிறு பிடித்தார். நான்காவது மந்திரத்தில் இழுத்தார். கயிறு வரவில்லை. குதித்துப் போனார். கயிறு பாறையில் சுற்றி அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது. அவன் பிடித்தால் கையை உதறிவிட்டுக் காலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பாதி மந்திர நேரத்து வேலை.

ஜெபசீலன் அவர் கையைப் பிடித்தான். கயித்தான் உதறவில்லை. தன் கையைத் தளர விட்டு, அவன் கை போகிற பக்கமெல்லாம் போனார். தோளுக்குப் போனது, கழுத்துக்குப் போனது, மறுபடி தோளுக்கு வந்தது. அவன் நினைவிழந்து, பிடி தானாகக் கழன்ற பிறகுதான் அவர் காலுக்குக் குனிந்தார். மேலே கொண்டுவந்தபோது அவனைப் பக்கத்து வள்ளத்தார் வாங்கிக்கொண்டார்கள். அவனுக்கு மூச்சு வந்துவிட்டது. அவருக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்தது.

அதன்பின் அவர் கடலில் இறங்கவில்லை. நெஞ்சு கெட்டுப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்க முடிந்தது. ஒருநாள் ஜெபசீலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன் மச்சான் உதறல? எனக்குச் சொல்லித் தந்ததே நீருதான."

"நீ என்னத்தக் காட்டுதன்னு பாத்தேன்."

"நான் ஒண்ணும் காட்டல. பயத்துல பிடிச்சேன்."

"தெரிஞ்சிச்சி." இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். "தெரியுததுக்குள்ள நேரமாயிட்டு."

1949 ஐப்பசியில் கயித்தான் இறந்தார். தகரப் பெட்டியின் அடியிலிருந்த பாராட்டுக் கடிதத்தைக் கல்லறையில் அவரோடு வைக்கலாமா என்று மரியசெல்வி கேட்டாள். வேண்டாம் என்று ஜெபசீலன் சொல்லிவிட்டான்.