ஒன்றரைச் சுற்று ஸ்பிரிங்

என் தம்பி ஆறு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, இரண்டாயிரத்து ஒன்பதில் துபாயிலிருந்து கடலூருக்குத் திரும்பினான். வந்த மூன்றாவது வாரம், சென்னையில் யாரோ சலித்துப்போய் விற்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். இரண்டே கதவு. பின்னால் ஒரு சீட் உண்டு, ஆனால் அதில் உட்காருபவருக்குக் கால் இருக்கக் கூடாது. கார் ஏற்கெனவே தரையோடு தரையாகத்தான் இருந்தது. அவனுக்கு அது போதவில்லை.

"இன்னும் எறக்கணும்க்கா. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு தீப்பெட்டி நிக்கணும், அவ்ளோதான் சந்து."

"எதுக்குடா?"

"வளைவுல சாயாது. நூத்தி அறுவதுல போனாலும் ரோட்டப் புடிச்சிக்கும்."

கடலூரில் நூற்று அறுபதில் போக எங்கே இடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். பதில் தெரியாத பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பது எனக்குப் பிடிக்காது.

சஸ்பென்ஷன் வேலைக்கு அவன் கண்டுபிடித்த ஆள் பண்ருட்டியில் ஒரு லாரி மெக்கானிக். பலாப்பழ லோடு தாங்குவதற்காக லாரிகளை உயர்த்திக் கொடுப்பது அவர் தொழில். நானும் கூடப் போயிருந்தேன். அவர் காரைக் குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், கடைசியில் படுத்துப் பார்த்தார்.

"இருவது வருஷமா வண்டிய ஏத்திக் குடுன்னுதான் வர்றாங்க. எறக்கிக் குடுன்னு வந்த மொத ஆளு நீதான் தம்பி. வெட்டுன ஸ்பிரிங்க திருப்பி ஒட்ட முடியாது, யோசிச்சுக்க."

தம்பி யோசிக்கவில்லை. நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி எடுத்தார்கள். ஜாக்கியை இறக்கியதும், எருமை குளத்தில் அமர்வதுபோல் கார் அமர்ந்தது. தம்பி பம்பருக்கு அடியில் தீப்பெட்டியை நிறுத்திப் பார்த்தான். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அவனுக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. காரில்தான் வருவேன் என்று நின்றான். வெள்ளிக்கிழமையே பைக்கில் புவனகிரி வழியாகப் போய், ஒவ்வொரு வேகத்தடையையும் என் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டான். மொத்தம் பத்தொன்பது. புவனகிரிக்கு முன்னால் ஓர் ஊரின் எல்லையில் அவன் அளந்துகொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்தாராம்.

"ஹைவேஸ் சாரா? எங்க கடைகிட்ட லாரிலாம் பறக்குது சார். அங்கயும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டு, "போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஞாயிறு காலை தம்பி, நான், எங்கள் அத்தை மூவரும் கிளம்பினோம். அத்தைக்கு நல்ல கனத்த உடம்பு. அவர் பின்சீட்டில் ஏறியதும் பின்சக்கரம் மட்கார்டில் உரசியது. ஆகவே அவர் முன்னால், நான் பின்னால், என் மடியில் பழத்தட்டு. வேகத்தடை வரும்போதெல்லாம் நானும் அத்தையும் இறங்கி நடந்து, கார் குறுக்காக ஏறித் தாண்டியதும் மறுபடி ஏறினோம். ஏழாவது தடவை பின்னால் வந்த பஸ் கண்டக்டர், "சிதம்பரமா? ஏறுங்க" என்று கூப்பிட்டார். அத்தை படியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான்தான் இழுத்து வந்தேன்.

டீக்கடை ஊரில் நோட்டில் இல்லாத ஒரு செம்மண் மேடு குறுக்கே கிடந்தது. தம்பி பிரேக்கை மிதிப்பதற்குள் முன்சக்கரங்கள் தாண்டிவிட்டன. காரின் வயிறு மேட்டில் மாட்டிக்கொண்டது. கதவின் அடிப்பாகம் மண்ணில் இடித்ததால் திறக்கவும் முடியவில்லை. டீக்கடைக்காரர் ஜன்னலில் குனிந்து தம்பியை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். ஆபீஸ்ல லேட் ஆவும்னு நாங்களே நேத்து மண்ணு கொட்டிட்டோம். ஒசரம் சரியா இருக்கா?"

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "சரியா இருக்குங்க" என்றான்.

"ஜாஸ்தி" என்றார் அத்தை.

இருபது பேர் கூடி, எங்களை உள்ளே வைத்தே காரின் மூக்கை ஒரு முறையும் வாலை ஒரு முறையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அத்தை ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கும்பிடு போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் காது சிவந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பெண் வீட்டை அடைந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம், கேசரி ஆறியிருந்தது. பெண் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். தாமதம் ஏன் என்று அவளுடைய அப்பா கேட்க, அத்தை ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன். அவள் வெளியே போய் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தம்பியிடம் கேட்டாள்.

"இதுல நானும் வந்தா எத்தன தடவ எறங்கணும்?"

"நீங்க எறங்க வேணாம். நான் எறங்கிக்கிறேன்."

"அப்ப யாரு ஓட்டறது?"

தம்பி உண்மையாகவே யோசித்து, "நீங்க ஓட்டுங்க" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம்.

கல்யாணமான அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்து அந்தக் காரை விற்றுவிட்டு ஒரு பழைய ஜீப் வாங்கினார்கள். அதில் ஏறுவதற்கு அத்தைக்கு ஒரு முக்காலி வேண்டியிருந்தது.