எதிர்க்கடைக்காரன் எழுதிய கொலைகள்

முடிதிருத்தும் கடைக்காரர் பல வருடமாகத் திகில் கதைகள் எழுதி அனுப்பியும் ஒன்றுகூட அச்சேறவில்லை. நேற்று முளைத்த எதிர்க்கடைத் தையல்காரனுக்கோ முதல் நாவலே புத்தகமாக வந்துவிட்டது. பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் மாட்டிக்கொண்ட நண்பர்களை முகமூடிக்காரன் ஒருவன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் கதை. கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

"ஊசி பிடிக்கிற கைக்கு வெட்டுக்குத்து பத்தி என்ன தெரியும்?" என்று மனைவியிடம் பொருமினார்.

"நீங்க மட்டும் யாரை வெட்டினீங்க?" என்றாள் அவள்.

குறை கண்டுபிடிக்கவே அந்தப் புத்தகத்தை வாங்கினார். ஆளில்லாத மதியத்தில் சுழல்நாற்காலியில் சாய்ந்து படித்தார். கதாநாயகி பிணவறைக் கதவை மெல்லத் திறந்தபோது அவர் தோளில் ஒரு கை விழுந்தது. அலறியடித்து எழுந்தார். தையல்காரன் நின்றிருந்தான்.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"தூக்கக் கலக்கம்பா. உன் கதை ஒரே இழுவை."

அவன் முகம் வாடிப்போய், நாற்காலியில் உட்கார்ந்து சவரத்துக்குக் கழுத்தை நீட்டினான். அந்த வாட்டத்தைப் பார்க்க அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் பிணவறைக் கதவுக்குப் பின்னால் நின்றது யாரென்று தெரியாமல் மண்டை குடைந்தது. ஒரு கன்னம் முடிந்ததும் கத்தி தானாக நின்றது.

"ஏம்பா, அந்த முகமூடிக்காரன் யாரு? ஆஸ்பத்திரிக் காவல்காரனா?"

அவன் நுரைக்குள் சிரித்தான். "படிச்சுப் பாருங்கண்ணே."

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுகன்னத்தை வழித்துவிட்டார். அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கி, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் திறந்தார்.