பார்த்துச் செய்யுங்கோ

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரரை வெள்ளவத்தையில் நான் கண்டதில்லை. கண் மங்கிவிட்டது, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். ஆனாலும் காரை விற்கமாட்டார். கனடாவிலிருக்கும் மகள் மிதுனா ஞாயிறுதோறும் போனில் கெஞ்சுவாள். "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு, வாளியும் பழைய பனியனுமாகக் கீழே இறங்கி, கார் சீட்டுகளைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். அவருக்குக் கீழ்வீட்டில் இருக்கும் எனக்கு ஜன்னலைத் திறந்தால் தெரிவது அவருடைய குனிந்த முதுகுதான்.

அண்ணை காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் கணக்காளராக இருந்தவர். பென்ஷன் எடுத்த கையோடு, நாட்டைவிட்டுப் போன ஒரு தூதரக ஆளிடம் அந்தக் காரை வாங்கினார். உள்ளே பால்நிறத் தோல் சீட்டுகள். அவருடைய மனிசி அருந்ததியக்கா முதல் நாளே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தா.

"இது மாட்டுத்தோலல்லோ? கோயிலுக்குப் போற நான் இதிலை இருக்கிறதோ?"

அண்ணை விடுவாரா? "மிருதங்கக் கச்சேரிக்கு முன்வரிசையிலை இருந்து தலையாட்டுறாய். அது என்ன தோலாம்?"

"அதை நான் கேக்கிறன். அதுக்கு மேலை ஏறி இருக்கேல்லை."

அன்று தொடங்கியது சீட்டில் துவாய் விரிப்பது. இருக்க ஒன்று, முதுகுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைக் கோயிலோ, சந்தையோ, கலியாணவீடோ, எங்கே போனாலும் முதலில் துவாய் ஏறும், பிறகுதான் அக்கா ஏறுவா. இறங்கும்போது மடித்துக் கையோடு கொண்டுபோய்விடுவா. அண்ணையின் சீட் அவருடைய பாரத்தில் பள்ளம் விழுந்து வெடித்துப்போனது. அக்காவின் சீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இந்த மாசியில் ஒரு காலை அக்கா குசினியில் சமைக்கும்போது விழுந்துவிட்டா. வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அம்புலன்ஸ் வரும்வரை அண்ணைக்குப் பொறுமையில்லை. நாங்கள் இருவருமாகத் தூக்கிப் படியிறங்கி, முன் சீட்டைச் சாய்த்து அவவை இருத்தினோம். நான் ஓட்ட, அண்ணை பின்னாலிருந்து கையை நீட்டி அவவின் தோளைப் பிடித்துக்கொண்டார். காலி வீதியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அக்கா ஏதோ குழறினா. முதலில் எங்களுக்கு விளங்கவில்லை.

"துவா... துவாய்."

"அது கிடக்கட்டுமப்பா, பேசாமல் இரு" என்றார் அண்ணை.

அக்கா அதற்குப் பிறகு பேசவில்லை. வழியிலேயே அவவை அறியாமல் சிறுநீர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அன்று பின்னேரமே எல்லாம் முடிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். நகைகள் மிதுனாவோடு போயின. துவாய்களை யாரோ வேலைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் அக்காவுடையது என்று மிஞ்சியது சீட்டில் இருந்த கறை ஒன்றுதான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரம் தேத்தண்ணி நிறம்.

சீட்டைத் துடைக்கும்போது அண்ணை அதை மட்டும் சுற்றிப் போவார். கண் தெரியாமல் விடுகிறார் என்று நினைத்து ஒருநாள் நான் பனியனை வாங்கப் போனேன்.

"கை வையாதையும்!" என்று கத்திவிட்டார். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு வருசத்திலை அவள் இதிலை இருந்தது அண்டைக்கு மட்டும்தான், தம்பி" என்றார்.

வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்பையே தின்னும், தோலை விடுமா? வைகாசியில் அக்காவின் சீட்டிலும், கறைக்குப் பக்கத்தில், தையலோரமாக வெடிப்புக் கண்டது. அண்ணை ஆடிப்போனார். தோல் கிழிந்தால் சீட்டையே மாற்ற வேண்டிவரும், கறையும் அதோடு போய்விடும் என்று பயம். அப்படித்தான் கொட்டாஞ்சேனையில் கார் சீட் திருத்தும் ஸஹாப்தீனின் குஷன் கடைக்குப் போனோம்.

ஸஹாப்தீன் குனிந்து தடவிப் பார்த்தார். "தோல் காஞ்சி போயிருக்கு ஐயா. ஊத்தையெ எடுத்துட்டு கிறீம் போட்டா மேல வெடிக்காது."

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் இருந்தா. அண்ணை கறையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். மனிசியின் மூத்திரக் கறை, அதைத் தொடாதே என்று நாலுபேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறக்கப் போக, ஒரு பார்வையால் அடக்கிவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இந்த சீட்டை மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ."

"யோசிக்காதீங்க ஐயா" என்று ஸஹாப்தீன் நெஞ்சில் கை வைத்தார்.

திரும்ப எடுக்கப் போனபோது அவரே ஓடிவந்து முன் கதவைத் திறந்துவிட்டார். வெடிப்பு மறைந்து தோல் மெத்தென்று இருந்தது. அண்ணை முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். கையால் தடவினார். இன்னொரு தரம் தடவினார்.

"எங்கை?"

"அதான் ஐயா, இல்ல!" ஸஹாப்தீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "லேசுல போகல்ல. நீங்க பார்த்துச் செய்யச் சொன்னதால வேற ஆள்ட்ட குடுக்காம நானே மினக்கெட்டு எடுத்தேன்."

அண்ணை நிமிர்ந்தார். "வடிவாச் செய்திருக்கிறியள்" என்றார்.

ஸஹாப்தீன்மீது என்ன பிழை? என் கோபம் முழுக்க அண்ணைமீதுதான். 'கறையை விடுங்கோ.' காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை, இரண்டே இரண்டு சொல்! அந்தப் பாழாய்ப்போன மானம் அதற்கும் விடவில்லை. வழியில் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். ஆனால் அவர் என் பக்கத்தில் ஏறாமல் பின் சீட்டில் போய் இருந்துகொண்டு, முன் சீட்டின் தோளில் கையைப் போட்டபடி வந்தார்.

அதன்பிறகு வாளி கீழே இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு, காரை விற்கலாம் என்று அவரே மிதுனாவிடம் சொல்லிவிட்டார்.

நுகேகொடையிலிருந்து ஒரு சிங்களக் கணவன் மனைவி பார்க்க வந்தார்கள். கணவன் எஞ்சினைப் பார்த்தான். அந்தப் பெண் முன் கதவைத் திறந்து சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதில் ஒருத்தரும் இருந்ததே இல்லைப் போல" என்று சிங்களத்தில் ஆச்சரியப்பட்டாள்.

அண்ணை கார்த் திறப்பை நீட்டிக்கொண்டே, அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்: "இல்லை, மகள். ஒருத்தரும் இருக்கவில்லை."

அவள் ஏறி, வெறும் தோலில் சாய்ந்து இருந்துகொண்டு, கதவைச் சாத்தினாள்.