சமையல்காரர் என்று வெட்டிய கல்

என் அத்தையின் கணவர், அதாவது மாமா, பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். பர்மாச் சண்டையில் அடுப்படிக்குப் பக்கத்தில் விழுந்த குண்டு அவர் விலாவைக் கிழித்தது. அந்தப் புண் அவரோடு சங்கரன்கோவிலுக்கும் வந்து, நாலைந்து வருஷம் படுத்தி, கடைசியில் ஆளையே கொண்டுபோயிற்று.

பட்டாளத்துக்காரர் இறந்தால் அடக்கச் செலவுக்குச் சர்க்கார் உதவி உண்டு, சமாதிக்குக் கல்லும் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். அத்தை திருநெல்வேலியில் பட்டாளத்துக்காரர் உதவி ஆபீசுக்கு மூன்று தடவை பஸ் ஏறினாள். மூன்று தடவையும் அங்கிருந்த குமாஸ்தா, அதெல்லாம் துப்பாக்கி பிடித்தவர்களுக்குத்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாலாவது தடவை என்னையும் கூட்டிப்போனாள். ஒன்பது வயதுப் பெண்ணான நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன் என்பதால் அந்த மரியாதை.

குமாஸ்தா பழைய பதிலையே சொன்னார். அத்தை குரலை உயர்த்தவில்லை.

“பட்டினி கெடந்தா துப்பாக்கி பிடிச்சாங்க? சோறு பொங்குதவன்னு அந்தக் குண்டு ஒதுங்கிப் போகலியே ஐயா.”

சொல்லிவிட்டு வாசலை அடைத்தாற்போல உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்ன சேவகனிடம், அதிகாரி வரட்டும் என்றாள். கட்டுச்சோற்றைப் பிரித்து எனக்கு ஓர் உருண்டை கொடுத்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் அதைக் கைக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொண்டேன். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் அதிகாரியே வெளியே வந்தார். மாமாவின் டிஸ்சார்ஜ் காகிதத்தை நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கல்லில் பொறிக்க வேண்டியதை எழுதிக்கொள்ளக் குமாஸ்தா உட்கார்ந்தார். அவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். வேலையைப் பற்றி ஒன்றும் வேண்டாம், ‘படைவீரர்’ என்று போட்டுவிடலாம், பார்க்கிறவர்களுக்கு மதிப்பாக இருக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. மாமா ஜப்பான்காரர்களைச் சுட்டுத் தள்ளியதாகப் பள்ளிக்கூடத்தில் அளந்து வைத்திருந்தேன்.

“சமையல்காரர்னே போடுங்க,” என்றாள் அத்தை. “அவரு செஞ்ச வேலைக்குத்தான் கல்லு கேக்கேன்.”

கல் வந்தது. இடுகாட்டில் மற்ற சமாதிகளெல்லாம் வெறும் மண்மேடுகள். மாமாவுக்கு மட்டும் இடுப்பளவு கல். அதில் பெயர், பட்டாள நம்பர், அதன் கீழே சமையல்காரர். என் வகுப்புப் பிள்ளைகள் போய் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு வந்து சிரித்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கிணற்றடிச் சேற்றை அள்ளிப்போய் அந்த ஒரு வார்த்தையின்மேல் அப்பிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை என்னைத் தண்ணீர்க் குடத்தோடு இடுகாட்டுக்குக் கூட்டிப்போனாள். என்னை ஊற்றச் சொல்லி, ஒரு குச்சியால் எழுத்து எழுத்தாகச் சேற்றை நோண்டி எடுத்தாள். யார் செய்தது என்று கேட்கவே இல்லை.

“மழைச் சேறு தெறிச்சிருக்கு, வேற என்ன,” என்றாள்.

மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. அத்தையை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.