காலையில என்ன சாப்பிட்டீங்க?

வானொலி நிலையத்தில் அந்த ஒலிப்பதிவாளரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி கூப்பிட்டால் மட்டும் அந்தக் காதில் விழாது என்பது தனிக்கதை.

பேட்டிக்கு வரும் பிரபலங்களின் குரலளவைப் பார்க்க, பதிவுக்கு முன் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?" ஒலிபரப்பாகாத பதில் என்பதால் அதற்கு யாரும் வேஷம் கட்டுவதில்லை. சண்டைப் படங்களில் பத்துப் பேரைப் பந்தாடும் நடிகர், "வீட்டுல அவ கோவமா இருக்கா, பட்டினிதான்" என்று அசடு வழிந்திருக்கிறார்.

அன்று வந்தவர், காதுக்காரர் உயிரையே வைத்திருந்த பாடகி.

"ஒண்ணுமே சாப்பிடல தம்பி. பாடணும்னா பயத்துல தண்ணிகூட இறங்காது. இன்னிக்கும் அப்படித்தான்."

குரல் கம்மியிருந்தது. காதுக்காரர் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டி வைத்தார்.

பேட்டி தொடங்கியது. "மேடை பயம் உண்டா?" என்று கேட்டார் பேட்டியாளர்.

"பயமா? அப்படின்னா?" என்று சிரித்த பாடகி, அந்தச் சிரிப்போடு ஒரு வரி பாடினார். அறையே நிறைந்து போயிற்று. வாய்பிளந்து நின்ற காதுக்காரர் குமிழைக் குறைக்க மறந்தார். அளவு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தாண்டியது. பதிவு பாழ்.

"அம்மா, தப்பு என்னோடதுதான். இன்னொரு தடவை பாடுவீங்களா?"

"அதுக்கென்ன, பாடிட்டாப் போச்சு."

மேசைக்கடியில் பாடகியின் விரல்கள் கைக்குட்டையை முறுக்கிப் பிழிந்தன. மேலே, முன்னைவிடக் கம்பீரமாக அதே வரி எழுந்தது.

இந்தத் தடவை காதுக்காரர் குமிழைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கண் கலங்கியதில், முள் எங்கே நிற்கிறதென்றுதான் தெரியவில்லை.